பூட்டினவன் வந்து திறக்கட்டும்

கானோவர் துறை, நியூ ஜெர்சி
செப்டம்பர் 18, 1988

அன்புள்ள தம்பி கார்வினுக்கு,

அண்ணி வெர்னா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதி பொய். நலமில்லை என்று எழுதினால் மீதிப் பாதியும் பொய். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். நீ அந்தப் பாலைவனத்தில் எப்படி இருக்கிறாய்? போன் செய்தால் மர்லீன் எடுத்து, "அப்பா இப்பத்தான் வெளிய போனாரு பெரியம்மா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் வெளியே, சாயங்காலம் கூப்பிட்டாலும் வெளியே. இந்த வயதில் அந்த வெயிலில் எங்கேதான் போகிறாய்? கள்ளிச்செடியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று நீயே ஒருமுறை சொன்னாய். பின்னால் நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது, தம்பி. பொய் சொல்லப் பெண்ணை ஏன் பழக்குகிறாய்? அதனால்தான் கடிதம். கடிதத்திடம் வெளியே போயிருக்கிறேன் என்று சொல்ல முடியாது பார்.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. குடாவில் நீல நண்டு ஓய்ந்துகொண்டு வருகிறது. தக்காளி இந்த வருடம் அழுகிப் போயிற்று, பீன்ஸ் பரவாயில்லை. நம் டஃபி பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. ஆனாலும் படகு இன்ஜின் சத்தம் கேட்டால் குட்டி நாயாகிவிடுகிறது. கிஃபர்ட் சிப்பி அள்ளப் போகும்போதெல்லாம் துறை வரை ஓடிப்போய் வழியனுப்பிவிட்டு வருகிறது. கிஃபர்டுக்கு இப்போது ஒரே புலம்பல், ஈயக் குண்டு போடக்கூடாது, இரும்புக் குண்டுதான் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். "இரும்புக் குண்டு பட்டா வாத்து செத்துப் போகாது வெர்னாக்கா, கோவிச்சுக்கிட்டுப் போயிடும்" என்கிறான்.

உன் அண்ணனுக்கு இப்போது வலி இல்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன, நடுவில் மூன்றும் போயிற்று. அதற்கு நண்டுக் கை என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். "நண்டு இதை வெச்சுத்தானே காலத்தை ஓட்டுது" என்கிறார். இடது கையில் விரல்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இப்போது கழுத்தைத் தூக்கிக் காட்டுகிறார். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவர் எனக்குக் கழுத்தை நீட்டியது இப்போதுதான்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அடுப்படித் தீப்பெட்டி வாரத்துக்கு ஒன்று காலியாகிறது. பின்கட்டுப் படியில் ஒடிந்த குச்சிகளாகக் கிடக்கின்றன. புகை பிடித்தால் இருக்கிற விரலும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சட்டையை முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. புதினா மிட்டாய் தின்று மறைக்கிறாரோ என்னவோ. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடப்போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். குடாவில் நிற்கிற வாத்து வேட்டைக் குடில்களை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று. கால்வாய்க் கரையில் புது வீடு கட்டிக்கொண்டு வந்திருக்கிற நகரத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சதுப்பில் நிற்கிற இந்தப் பலகைக் கொட்டகைகள் அவர்கள் ஜன்னலிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். கிஃபர்ட் எழுந்து, "அந்தக் குடிலுக்கு ஜன்னல் இருக்கு சார், அதுலேருந்து பார்த்தா உங்க வீடு எப்படித் தெரியுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அருங்காட்சியகத்திலிருந்தும் ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. நம் குடில் இந்தக் குடாவிலேயே பழையது, அதை அப்படியே தூக்கிக் கரையில் கொண்டுவந்து வைத்துப் பாதுகாக்கிறோம், உள்ளே இரண்டு மெழுகு பொம்மைகளுக்கு வேட்டைக்காரர் உடுப்புப் போட்டு உட்கார வைக்கிறோம் என்றாள். உன் அண்ணன் அப்போதுதான் எழுந்தார். "அந்தப் பொம்மைங்களுக்குக் குளிருமாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள் அவள். "அப்ப அவங்களுக்குக் குடில் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் ஊராட்சி சொன்ன முடிவு இது. இருக்கிற குடில்கள் இருக்கலாம். ஆனால் உண்மையாகவே வேட்டைக்குப் பயன்படுகிற குடிலாக இருக்க வேண்டும். நவம்பர் முதல் வாரம், வேட்டைப் பருவம் தொடங்குகிற அன்றைக்கு, ஊராட்சி ஆள் டில்டன் படகில் ஒவ்வொரு குடிலாக வருவார். கதவு திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், உள்ளே குடும்பத்து ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் ரத்து. ரத்தானால் எரித்துவிடுவார்கள். புதிதாகக் கட்ட யாருக்கும் அனுமதி கிடையாது. போனால் போனதுதான்.

நம் குடில் கதவில் இன்னும் உன் பூட்டுத் தொங்குகிறது, கார்வின்.

கிஃபர்ட் இரும்பு வெட்டும் கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான், ஒரு நொடியில் வெட்டிவிட்டு வருகிறேன் என்றான். உன் அண்ணன் பதறிப்போய், "அந்தப் பூட்டுல கை வெச்சே, உன் படகுல இனி நான் கால் வெக்க மாட்டேன்" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். "பூட்டினவன் வந்து திறக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடாது என்பார்கள். உன் குடும்பத்து ஆண்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஜனவரியில் என்ன நடந்தது என்று ஊரார் உனக்குச் சொல்லியிருப்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் உன் அண்ணன் வாயால் நீ கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தாயாம், கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாயாம், புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை நர்சிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயாம். மறுநாள் நான் உன் வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் சாமான் ஏற்றிய லாரி நிற்கிறது. அதனால் அவர் சொன்னதை நான் எழுதுகிறேன். படி.

பத்து நாள் ஜுரத்தில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் கருவாத்து வேட்டைக்குத் தனியாகப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. மத்தியானம் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டது. வடமேற்குக் காற்று குடாத் தண்ணீரை வாரிக்கொண்டு போவது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதுங்குப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இருட்டுவதற்குள் குடிலுக்குப் போய்விடலாம் என்று இறங்கி நடந்தார். ஓடையைத் தாண்டும்போது மார்பளவு விழுந்து எழுந்தார், துப்பாக்கியும் துடுப்பும் அதிலேயே போயின. குடிலுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு கையும் கட்டைதான்.

இதைக் கேள். கதவு பூட்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "குளிருல கதவு விறைச்சு நிலையில ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்" என்றார். தோளால் இடித்திருக்கிறார், இடித்திருக்கிறார், அப்படி இடித்திருக்கிறார். பூட்டு கையில் பட்டதாம். "ஐஸ் கட்டின்னு நினைச்சேன் வெர்னா" என்றார். அந்தக் குடாவில் பிறந்து வளர்ந்த ஆள், பனிக்காலத்தில் ஒரு குடில் கதவு பூட்டியிருக்கும் என்று எப்படி நினைப்பார்? வழிதவறி வருகிற எவனுக்கும் திறந்திருக்க வேண்டும், போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு அடுப்பில் விறகு அடுக்கிவிட்டுப் போக வேண்டும். உங்கள் அப்பா இருவருக்கும் நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கற்றுக்கொடுத்தது அது. கடைசியில் குடிலின் மறைவில், உப்புப் புல்லை வாரி மேலே போட்டுக்கொண்டு, டஃபியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் நாய் குரைக்கிற சத்தம் கேட்டுக் கிஃபர்ட் போனான், அதற்குள் விரல்கள் குளிரில் கருகிவிட்டன.

நீ ஏன் பூட்டினாய் என்று எனக்குத் தெரியும். கிஃபர்டின் குடிலில் திருடர்கள் புகுந்து, வாத்துகளை இழுக்க மிதக்கவிடுகிற மர வாத்துகளை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் அப்பா செதுக்கியதையும் கொண்டுபோய் எவனாவது பணக்காரன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவான் என்று பயந்தாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது அண்ணனிடம் சொல்லலாம் என்று இருந்தாய். அந்த ஞாயிறு பனிப்புயல், நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். இதில் நான் யாரைத் திட்டுவது? காற்றைத் திட்டலாம். திட்டியாயிற்று.

உன் அண்ணன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமா, வைராக்கியமா, ஒன்றும் புரியவில்லை. உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் குடில் எரிவதை அவர் தாங்க மாட்டார், அது எனக்குத் தெரியும். நீ வா. வந்து திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு கதவைத் திற. உன் அறையில் படுக்கை விரித்துப் போட்டிருக்கிறேன்.

கர்த்தர் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். மர்லீனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணி,
வெர்னா


கானோவர் துறை
அக்டோபர் 19

தம்பி கார்வினுக்கு,

உன் உறை வந்தது. பிரித்தால் உள்ளே சாவி. உறையைக் கவிழ்த்துத் தட்டினேன், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. ஒரு வார்த்தை இல்லை. உன் பெயரைக்கூட மர்லீன்தான் உறைமேல் எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரன் இந்தக் கடிதத்தைத் தொடமாட்டான்.

சாவியைச் சாப்பாட்டு மேஜையில் உன் அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தார். கரண்டியை வைத்தார். "நான் சாவியையா கேட்டேன்?" என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சூப் ஆறிப் போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நில்லுங்கள், நடுவில் குடில் எரிந்து சாம்பலாகட்டும் என்று நினைத்தேன். பிறகு, ஏன் எரிய வேண்டும், சாவிதான் இருக்கிறதே, நானே போய்த் திறந்துவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றியது. எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஆகாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை உங்கள் குடிலுக்கு வந்து, திரும்பி வரும்வரை உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தவள் நான். அப்படிப்பட்டவள் மறுநாள் காலை சாவியை மார்போடு ஊக்கில் குத்திக்கொண்டு கிஃபர்ட் படகில் ஏறிவிட்டேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெர்னாக்கா, படகை அவ்வளவு கெட்டியாப் பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது" என்றான். "படகு போகாது, நான் போயிடுவேன்" என்றேன்.

கோரைத் திட்டு பழுத்துப் பொன்னிறமாக இருக்கிறது இப்போது. தூரத்தில் கடல் வாத்துக் கூட்டம் ஒன்று தண்ணீரில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. வடக்கே இருந்து இப்போதுதான் வந்திருக்கும், களைத்த மாதிரி தெரிந்தது. குடில் கொஞ்சம் மேற்கே சாய்ந்திருக்கிறது, அடிக்கட்டை எப்படி இருக்கிறதென்று பார்க்கக் கிஃபர்ட் பின்பக்கம் போனான். நான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகக் கீறல், கார்வின். டஃபி. மரம் வெளுத்துத் தெரிகிற அளவுக்குக் கீறியிருக்கிறது. தோள் உயரத்தில் ஒரு இடம் வழவழவென்று அமுங்கியிருக்கிறது. நான் அங்கே கையை வைத்துப் பார்த்தேன். பிறகு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதவள் அங்கே நின்று அழுதேன், உனக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தேன். ஆனால் திறப்பதற்கு முன் உள்ளே ரக்கூன் கிக்கூன் ஏதாவது குடித்தனம் நடத்துகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. திறந்த வேகத்தில் மேலே பாய்ந்தால் நான் தண்ணீரில்தான் விழுவேன். ஜன்னல் பலகையில் கணு விழுந்த ஓட்டை ஒன்று இருக்கிறதே, அதில் கிஃபர்டின் டார்ச்சை ஒரு ஓரமாக அடித்து, மறு ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன்.

ரக்கூன் இல்லை. உங்கள் அப்பாவின் வாத்துகள் கட்டிலுக்கு அடியில் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. மேஜையில் இரண்டு கோப்பை, கவிழ்த்து வைத்தது. கொடியில் உன் அண்ணனின் சாம்பல்நிற சாக்ஸ் ஒரு ஜோடி. கிறிஸ்துமஸுக்கு நான் பின்னிக் கொடுத்ததைத் தொலைத்துவிட்டார் என்று நான் சண்டை போட்டேனே, அதே சாக்ஸ்தான். அடுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடியில் தேவதாருச் சீவல், அதற்கு மேல் சிறு குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கு மேல் பிளந்த ஓக் கட்டை இரண்டு. பக்கத்தில் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் தீக்குச்சிகள், கை எட்டுகிற தூரத்தில்.

நீ விறகு அடுக்கியிருக்கிறாய்.

அடுத்து வருகிறவன் கொளுத்தட்டும் என்று எப்போதும்போல அழகாக அடுக்கி வைத்துவிட்டு, சீவல்கூட நனையாமல் பார்த்து வைத்துவிட்டு, வெளியே வந்து அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறாய். யாரும் உள்ளே வரக்கூடாது என்று பூட்டினவன், வருகிறவனுக்குக் குளிரக்கூடாது என்று அடுக்கியிருக்கிறாய். அட மக்கே! நீ இதைக் கவனிக்கவே இல்லை, இல்லையா? கை தானாகச் செய்திருக்கிறது.

சாவி என் கையில் இருந்தது. போடவில்லை. போட மனம் வரவில்லை, ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கிஃபர்ட் பின்னாலிருந்து வந்து, "என்னக்கா, பூட்டு துருப்பிடிச்சிருக்கா?" என்றான். "பூட்டு நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போகலாம் வா" என்றேன். அவன் படகை அவிழ்த்தான். அடிக்கட்டை இன்னும் இருபது வருடம் தாங்கும் என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பின்கட்டுக்குப் போனால், உன் அண்ணன் படியில் உட்கார்ந்திருக்கிறார். நண்டுக் கையில் தீப்பெட்டியை இடுக்கிக்கொண்டு, இடது கையால் குச்சியை உரசிக்கொண்டிருக்கிறார். ஒடிகிறது. இன்னொன்று எடுக்கிறார், விரல் நுனியில் உணர்ச்சி இல்லாததால் குச்சியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறார். அதுவும் ஒடிகிறது. வாயில் சுருட்டும் இல்லை, புகைக் குழாயும் இல்லை. மாதக்கணக்காக நான் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் பெட்டியை மறைக்கப் பார்த்தார், அந்தக் கையில் எதை மறைப்பது? கீழே விழுந்து சிதறியது. நான் குனிந்து பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே, "உங்க தம்பி அடுப்புல விறகு அடுக்கி வெச்சிட்டுத்தான் பூட்டியிருக்காரு" என்று சொன்னேன்.

மறுபடி சொல்லச் சொன்னார். சீவலா, குச்சியா, ஓக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாடிக்கு மூடி போட்டிருந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். ஜனவரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். "பூட்டும் போட்டு அடுப்பும் அடுக்கியிருக்கான் பாரு, முட்டாப்பய. யாருக்குடா அடுக்கினே?" என்று கேட்டார், நீ எதிரே நிற்கிற மாதிரி. அப்புறம் அந்த நண்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத்தான் அடுக்கியிருக்கான்" என்றார்.

நான் அப்போதுதான் கேட்டேன், பூட்டை உடைக்கவும் விடவில்லை, சாவி வந்தாலும் தொடவில்லை, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று. நிதானமாகச் சொன்னார். கிஃபர்ட் வெட்டினாலும், நான் திறந்தாலும், அவர் திறந்தாலும் கதவு திறக்கும். ஆனால் நீ இனி ஒருநாளும் அந்தக் கதவு வழியாக உள்ளே வரமாட்டாய். உன் பூட்டை இன்னொருவர் உடைத்த குடிலில் உன்னால் கால் வைக்க முடியாது. "அவனை எனக்குத் தெரியும். சின்ன வயசுல என் துடுப்பை ஒடிச்சிட்டு ஒரு வாரம் கொட்டகையில ஒளிஞ்சவன். கையை நீட்டி வெளிய இழுத்தா வரமாட்டான், அவனாத்தான் வரணும்" என்றார். இதைத்தான் வசந்தம், கோடை முழுக்க வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னால் குடாக்காரர்களுக்கு வாய் தேய்ந்துவிடும்.

தீக்குச்சி எதற்கு என்று கேட்டேன். அடுக்கினவன் கொளுத்தக் கூடாதாம், வருகிறவன்தான் கொளுத்த வேண்டுமாம். எனக்குத் தெரியாதா அது? "அவன் திறக்கட்டும், நான் கொளுத்துறேன். அதுக்குத்தான் பழகுறேன்" என்றார். நீ விறகு அடுக்கியிருப்பாய் என்று தெரியாமலே, தம்பி, கோடை முழுக்கப் பழகியிருக்கிறார்.

இனி துப்பாக்கி தூக்க மாட்டாராம். துடுப்பை மட்டும் எப்படியோ இடுக்கிக்கொள்கிறார். அவர் படகைப் பார்த்துக்கொள்கிறாராம், சுடுவது நீயாம். "அவன் குறி எப்பவும் வாத்துக்கு ஒரு முழம் பின்னாடிதான் போகும், இந்த வருஷம் வாத்துங்களுக்கு ஆயுசு கெட்டி" என்றார். டஃபிக்கு அதைக் கேட்டு என்ன புரிந்ததோ, வாலை ஆட்டியது.

அருங்காட்சியகப் பெண் நேற்று வந்தாள். பாவம், கடையில் பழக் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்தில் பேசியதற்கு உன் அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பருவம் திறக்கிற அன்று குடிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கம்பளி உடுத்திக்கொண்டு வா, குளிர்ந்தால்தான் புரியும் என்றார். உங்கள் அப்பா அடுப்பில் போட்டு வேகவைக்கிற பீன்ஸை நான் செய்து கொடுத்தனுப்ப வேண்டுமாம். நான் கொடுத்தனுப்பப் போவதில்லை, நானே கொண்டுவரப் போகிறேன். ஒருமுறை போய் உயிரோடு வந்துவிட்டேன், இனி என்ன.

ஆகவே இந்த உறையில் உன் சாவியைத் திருப்பி வைத்திருக்கிறேன். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடாமல் ஃபிளானல் துணியில் சுற்றித் தைத்திருக்கிறேன். மறுபடி தபாலில் போட்டாயானால் நான் மறுபடி அனுப்புவேன், எனக்குத் தபால்தலைக்குப் பஞ்சமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வா. டில்டன் நவம்பர் முதல் வாரம் சனிக்கிழமை வருகிறார், நீ அதற்கு முன்னால் வர வேண்டும். ரயிலில் வந்தால் கிஃபர்ட் நிலையத்துக்கு வருவான். ஊரில் யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு, என் வாயை அவர்களுக்குத் தெரியும்.

வரும்போது அண்ணன் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனியாதே. அது பழகிப்போன கை. நேராகப் பார், குலுக்கு, அவ்வளவுதான். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் காற்றைப் பற்றிப் பேசு. நீங்கள் இருவரும் எப்போதும் அப்படித்தானே செய்வீர்கள்.

கர்த்தர் உன்னைப் பாதையில் காத்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அடுக்கியது அடுக்கியபடி இருக்கிறது, தம்பி.

உன் அண்ணி,
வெர்னா

பின்குறிப்பு: கீழே இருக்கிற கோணல் எழுத்து உன் அண்ணனுடையது. இடது கையால் எழுதியது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன், "உனக்கு வந்த கடிதமா?" என்றார்.

கார்வின். என் சாக்ஸ் உள்ள மாட்டிக்கிச்சு. வந்து எடுத்துக் குடு.